குளத்துப் பெண்ணுக்கு ஒட்டிய முகம்

என் மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. நேற்று அம்மா என்னைப் பார்த்து, "உனக்குன்னு ஒண்ணு பொறக்கும் பாரு, அது உன் முன்னால வாயத் தொறக்காம கல்லு மாதிரி நிக்கும், அப்போ தெரியும்டி என் வயித்தெரிச்சல்" என்றாள். அந்த 'ஒண்ணு' நீதான். அம்மா உன்னை ஒரு சாபமாகத்தான் சொன்னாள். எனக்கோ, பேச ஓர் ஆள் கிடைத்ததுபோல் இருந்தது. எனக்கு இப்போது பத்தொன்பது வயது. நீ இதைப் படிக்கும்போது உனக்கும் பத்தொன்பது ஆகியிருக்கட்டும். அதைவிடச் சின்னவளாக இருந்து படித்தால், இவளா என் அம்மா என்று தோன்றிவிடும். எனக்கு எதிரில் இருப்பவர்களிடம் பேச வராது. இருபது வருடத்துக்கு மேல் தள்ளி இருப்பவளிடம் வரும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தாள்களைத் திருப்பிப் பார். பின்பக்கத்தில் ஏதேதோ படங்கள், இடவலம் மாறிய எழுத்துகள் இருக்கும். நான் வேலை செய்கிற கிஃப்ட் கடையில் வீணாய்ப் போன தாள்கள் இவை. காபி மக்கில் படம் பதிக்க வேண்டுமென்றால் முதலில் தாளில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சடிக்க வேண்டும். அந்தத் தாளை மக்கின்மேல் சுற்றிச் சூடான இயந்திரத்தில் அழுத்தினால் மை மக்குக்குப் போய்விடும், எழுத்தும் நேராகிவிடும். இரண்டு வருடமாக இதைச் செய்து செய்து, திருப்பிப் போட்ட பெயர்களை நேரான எழுத்தைவிட வேகமாக என்னால் படிக்க முடியும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

இன்று வியாழக்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு பெண் மாட்டேன் என்றால் அது பெரிய அசிங்கம். மாப்பிள்ளையின் பெயர் தினேஷ். எங்கள் கடையில் டிசைன் செய்கிறவர். முதலாளி பாஸ்கர் சாருடைய மனைவியின் தம்பி. இரண்டு வருடமாக நான் அவரை 'அண்ணா' என்று கூப்பிட்டிருக்கிறேன். "அண்ணா, பேப்பர் தீந்துடுச்சு." "அண்ணா, மக்கு உடைஞ்சிடுச்சு." அந்தக் கடையில் நான் வாய் திறந்து சொன்ன வார்த்தைகளில் பாதி 'அண்ணா'தான். அவரும் "சொல்லும்மா தங்கச்சி" என்றே பதில் சொல்லியிருக்கிறார். போன வாரம் அம்மா சொன்னாள், "இனிமே அண்ணான்னு கூப்பிடாத, நல்லாருக்காது." ஒரு வார்த்தையை மாற்றிக்கொண்டால் போதும் என்பதுபோல் சொன்னாள். நான் பின்பக்கம் போய் வாய் கொப்பளித்தேன். ஏன் என்று கேட்காதே. வாய் கசந்தது.

உனக்குக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நசரத்பேட்டையில், பெங்களூர் சாலையை ஒட்டி, டயர் கடைக்கு மேலே முதல் மாடி. நூம்பலில் இருந்து ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வந்து, அங்கிருந்து பஸ் ஏறுவேன். உள்ளே போனதும் சூடான பாலியெஸ்டர் நாற்றம் மூக்கில் ஏறும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் முடியில் இருக்கும். உலகத்தில் பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள பழைய ஓவியங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன. அவற்றை இறக்கி மக்கில், தலையணை உறையில், சுவர்க் கடிகாரத்தில், கான்வாஸில் அச்சடித்து விற்பதுதான் எங்கள் தொழில். சுற்றி எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள் வாங்குவார்கள். ஹாலில் ஒரு வெளிநாட்டுப் படம் மாட்டினால் வீடு வேறு மாதிரி தெரிகிறது என்பார்கள்.

படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். தாளின் அளவு சரிபார்க்கிற சாக்கில் பார்ப்பேன். பால் ஊற்றுகிற ஒரு வேலைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. பெரிதாக்கினால் அவள் முன்கையில் ஓர் இடம் வரை வெயில் பட்டுச் சிவந்திருப்பது தெரியும். அதற்கு மேல் வெளுப்பு. அவள் தினமும் சட்டைக் கையை அதுவரை மடித்து விட்டுத்தான் வேலை செய்திருக்கிறாள். யாரோ ஒருவர் எத்தனையோ வருடத்துக்கு முன்னால் அவள் கையை அவ்வளவு கவனித்து வரைந்திருக்கிறார். என் கையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இயந்திரத்தில் சுட்டுக்கொண்ட தழும்பு என் வலது மணிக்கட்டில் இருக்கிறது. நாளை நீ என் கையைப் பிடிக்கும்போது உனக்கு அது தெரியும்.

அந்தப் பெண்ணை தினேஷ் என்ன செய்தார் தெரியுமா? கையை ஒரே வெள்ளையாக்கினார். இடுப்பைக் குறைத்தார். முகத்தை வழவழவென்று தேய்த்துப் பல்பு போட்டதுபோல் ஆக்கினார். "குண்டா இருந்தா எவன் வாங்குவான்? இப்போ பாரு, எப்படி ஜொலிக்குது" என்றார். ஒரு கிழவியின் சுருக்கங்களை எல்லாம் அழித்து அவளுக்கு முப்பது வயதாக்கினார். வாய் திறந்து பாடிக்கொண்டிருந்த ஒருத்திக்கு வாயை மூடினார். "பல்லு தெரிஞ்சா கேவலமா இருக்கு." பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாயின் படத்தைக் குளியலறை மிதியடியில் போட்டார். முதல் மிதியடி வந்தபோது நூர் அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நூர்ஜஹான் அக்கா பூந்தமல்லிக்காரி. பேக்கிங் அவள் பொறுப்பு. அவள் வாய்க்கு பாஸ்கர் சாரே பயப்படுவார்.

"இன்னா தினேசு இது, கால் தொடைக்கிற பாயில புள்ளக்காரி மூஞ்சை வெச்சிக்கினு கீற? இதுல எவன்பா ஈரக் கால வெப்பான்?"

"அக்கா, இது ஆர்ட்டு. உனுக்குப் புரியாது."

"எனுக்குப் புரியுது நைனா. நாளைக்கு உன் மூஞ்சையும் போடு. மொத ஆளா நான் வாங்கிக்கினு போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அப்படிப்பட்ட மிதியடிகள் நாற்பதுக்கு என் கையாலேயே சூடு வைத்து அழுத்தினேன். அந்தத் தாயின் முகத்தை நாற்பது முறை தாளிலிருந்து உரித்தெடுத்தேன். எனக்குக் குமட்டியது. ஆனாலும் என் கை நிற்கவில்லை. அருவருப்புப்படுகிறவள் நல்லவள் என்று நினைத்துவிடாதே. அருவருத்துக்கொண்டே வேலையை முடித்துக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருத்தி உன் அம்மா.

இனி நான் சொல்லப்போவது என் தவறு. மாங்காட்டில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு நூற்றைம்பது மக் கேட்டார்கள். "சாமி படம் வேணாம், எல்லாரும் அதான் தராங்க. பூவா இருக்கிற மாதிரி கிளாஸிக்கா ஒண்ணு போடுங்க" என்று மணப்பெண்ணே வந்து சொல்லிவிட்டுப் போனாள். மூக்குத்தி போட்ட, கலகலவென்று பேசுகிற பெண். எனக்குக்கூட "பை" சொல்லிவிட்டுப் போனாள். தினேஷ் ஒரு படத்தை இறக்கினார். பச்சை நிறக் குளம். அதில் மல்லாந்து மிதக்கும் ஒரு பெண். சுற்றிலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கள். "செம்ம ரொமான்டிக்" என்று சொல்லி, குளத்துக்குக் கீழே மணமக்கள் பெயரை வளைத்துப் போட்டார்.

நான் வழக்கம்போல் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் குளிக்கவில்லை. கண்கள் பாதி திறந்திருந்தன. அந்தக் கண்கள் எதையும் பார்க்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கைகள் தண்ணீருக்கு மேல் விரிந்து அப்படியே நின்றிருந்தன. உடுத்தியிருந்த துணி அவளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அருங்காட்சியகத்தின் பக்கத்தில் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை என் போனில் படம் பிடித்துத் தமிழாக்கினேன். 'இளம்பெண் மூழ்கினாள். அவள் இறந்து கிடக்கிறாள். மலர்கள் அவளோடு' என்று வந்தது. போனை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தினேஷ் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். "அண்ணா" என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று வார்த்தை. மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு எழுந்து போய் இயந்திரத்தைப் போட்டேன். நூற்றைம்பது மக்கிலும் அந்தப் பிணத்தை நான்தான் பதித்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை பெண்ணின் அப்பாவும் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் மக்கின் போட்டோவைப் பார்த்துவிட்டு போன் செய்திருக்கிறார். அந்த அப்பா கத்தவில்லை. மக்கை மேசைமேல் வைத்தார். "என் பொண்ணு பேரைப் பொணத்துக்குக் கீழ போட்டு நூத்தைம்பது வீட்டுக்கு என் கையாலயே குடுத்திருக்கேன்" என்றார். பாஸ்கர் சார் தினேஷைப் பார்த்தார். தினேஷ் என்னைப் பார்த்தார்.

"சார், இதை எடுத்தது இந்தப் பொண்ணு சார். டென்த்தோட நின்ன பொண்ணு. அதுக்கு இன்னா சார் தெரியும், பூவைப் பார்த்துட்டு எடுத்துடுச்சு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீதானாம்மா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஆமாம், ஆட்டினேன். இல்லை என்று சொல்ல வார்த்தை வேண்டும். ஆமாம் என்பதற்குக் கழுத்து போதும். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்லம்மா, இனிமே கேட்டுச் செய்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அவர்கள் போனதும் நூர் அக்கா என்னைப் பின்பக்கம் இழுத்துப்போய், "ஏண்டி, வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த? அவன் எடுத்தான்னு எனுக்குத் தெரியும், உனுக்குத் தெரியும். அந்தக் கழுதை உன் தலையில கட்டுறான், நீ மாடு மாதிரி ஆட்டிக்கினு நிக்கிற" என்றாள். எனக்கு அப்போது தினேஷ் மேல் வந்ததைவிட அதிக அருவருப்பு என் கழுத்தின் மேல்தான் வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பை நிறுத்தியதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். ஆட்டோ ஓட்டுகிற மனிதர். அப்படிச் சொன்னால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். உண்மை வேறு. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் இங்கிலீஷ் மிஸ் என்னை எழுப்பி ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். முதல் தடவை எனக்குத் தெரிந்து ஒழுங்காகத்தான் படித்தேன். "கேக்கல. சத்தமா, இன்னொரு வாட்டி" என்றார். அந்த இன்னொரு வாட்டி வரவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின் வரிசையில் யாரோ மாடு கத்துவதுபோல் கத்தினார்கள். மணி அடிக்கும் வரை நின்றேன். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். இரண்டு வாரத்தில் அம்மாவே, "சரி, வேணாம் வுடு, ஒடம்பு முக்கியம்" என்றாள். யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒரே ஒரு முறை திரும்பச் சொல்ல முடியாமல் நானே நின்றுகொண்டேன். உன்னிடம் யாராவது உன் அம்மா பாவம், வறுமையில் படிப்பை விட்டவள் என்று சொன்னால் நம்பாதே.

மக் விவகாரம் நடந்து இரண்டு மாதம் கழித்துப் பாஸ்கர் சாரின் மனைவியும் தினேஷின் அம்மாவும் ஆப்பிள், ஹார்லிக்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். காபி குடித்து முடித்ததும் தினேஷின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு மாதிரி இந்தக் காலத்துல கெடைக்காதும்மா. ரெண்டு வருசமாப் பாக்குறோம், ஒரு வார்த்தை எதுத்துப் பேசினது கெடையாது. எங்க தினேசு ஒரு தப்பு பண்ணிட்டான், அதைக்கூடத் தன் தலைமேல போட்டுக்கிச்சின்னா பாத்துக்குங்களேன். இப்படி ஒரு மருமவ வந்தா எனக்கு இன்னா குறை?"

அவர்களுக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தவறு தினேஷுடையது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. அவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. பழி விழுந்தால் தாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று ஆப்பிளோடு வந்திருக்கிறார்கள். என் அம்மாவோ பெருமையில் பூரித்துப்போய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி துடைக்கிறாள். அவளிடம் யாரும் அப்படிக் கையைப் பிடித்துப் பேசியதில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே.

நேற்று, புதன்கிழமை, தினேஷ் எங்கள் வீட்டுக்கு ஒரு கான்வாஸ் படத்தைக் கொண்டுவந்தார். மூன்றடிக்கு இரண்டடி, தங்க நிறச் சட்டம். அப்பா காகிதத்தைப் பிரித்தார். பச்சைக் குளம். பூக்கள். குளத்தில் மல்லாந்து மிதப்பது நான்.

கடையில் எடுத்த ஏதோ ஒரு போட்டோவிலிருந்து என் முகத்தை வெட்டி அவள் முகத்தின் மேல் ஒட்டியிருந்தார். என் தாடையில் இருக்கும் மச்சத்தை எடுத்துவிட்டிருந்தார். நிறத்தை இரண்டு படி ஏற்றியிருந்தார். கைகள் அவளுடையவை, தழும்பில்லாமல் விரிந்து கிடந்தன. பூக்கள்மேல் ஜிகினா. அப்பா, "மவராசி கணக்கா கீற" என்று சொல்லிவிட்டு, சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலிருந்து காலண்டரை எடுத்து அலமாரிமேல் போட்டுவிட்டு, படத்தை அங்கே மாட்டினார். எங்கள் வீட்டில் உருப்படியான ஆணி அது ஒன்றுதான். அம்மா காபி போடப் போனாள். தினேஷ் என் பக்கம் குனிந்து, மெதுவாக, ஆசையாகச் சொன்னார்:

"நம்மளைச் சேத்து வெச்சதே இந்தப் படம்தானே, அதான். பயப்படாத, கண்ணை முழுசாத் தொறந்து வெச்சிட்டேன், வாயை மூடிட்டேன். இப்போ யாரும் பொணம்னு சொல்ல முடியாது."

மகளே, அந்த ஆள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் மனதில் அது அன்பு. ஓர் இறந்தவளின் உடலில் என் தலையை வைத்து, மச்சத்தைச் சுரண்டி, வாயைத் தைத்து, ஜிகினா தூவி, அதைப் பரிசு என்று நீட்டினால் நான் சந்தோஷப்படுவேன் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவர் போனதும் நான் சாப்பிடவில்லை. அதற்குத்தான் அம்மா உன்னைச் சாபமாக விட்டாள். இப்போது எழுதும்போதும் அந்தப் படம் என் எதிரில் இருக்கிறது. என் கண்களைப் போன்ற இரண்டு கண்கள் திறந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துவிட்டால் நீ அவருடைய மகளாகத்தான் பிறப்பாய். உன் முதல் போட்டோவையே அவர் வெளுப்பாக்குவார். நீ அழுகிற போட்டோவில் உன் வாயை மூடிவிடுவார். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை.

இன்று கடையில் நூர் அக்கா கேட்டாள், "இத்தினி நாளா அண்ணான்னு கூப்ட வாயால நாளையிலேர்ந்து இன்னான்னு கூப்டுவ? ஏங்கண்ணாவா?" சிரிக்க முயன்றேன், அழுகை வந்துவிட்டது. அவள் பேக்கிங் டேப்பைக் கீழே வைத்தாள். "பிடிக்கலையா? பிடிக்கலைன்னா சொல்லித் தொலைடி. நான் வந்து சொல்லட்டா?" வேண்டாம் என்று தலையாட்டினேன். "பாரு, அதுக்கும் தலையத்தான் ஆட்டுற" என்றாள். எனக்குச் சுரீரென்றது. இன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வந்தேன். அம்மா நாளைக்காகப் பக்கத்து வீட்டில் எவர்சில்வர் தட்டுகள் இரவல் வாங்கி வந்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து துடைத்தேன். சொல்லவில்லை.

ஞாயிறு மாலை.

அவர்கள் போய்விட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். தினேஷ், அவருடைய அம்மா, அக்கா, பாஸ்கர் சார். படத்துக்கு நேர் கீழே பாய் போட்டிருந்தது. பாஸ்கர் சார் படத்தைப் பார்த்தார். பிறகு தினேஷைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. காபி, கேசரி எல்லாம் ஆயிற்று. தினேஷின் அம்மா இலைப் பொட்டலத்தைப் பிரித்து மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். என் அம்மாவைப் பார்த்தபடியே, "இன்னாம்மா, பொண்ணுக்குச் சம்மதந்தானே? பூ வெச்சிடலாமா?" என்றார். யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை அது. சரம் என் தலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதன் ஈரம் காதில் பட்டது.

நான், "வேணாம்" என்றேன்.

என் தோள்மேல் கை வைத்திருந்த அம்மாவுக்கு மட்டும் கேட்டது. அவள் விரல்கள் இறுகின. தினேஷின் அம்மா குனிந்து, சிரித்துக்கொண்டே, "இன்னா சொல்லுது பொண்ணு? கேக்கல. சத்தமாச் சொல்லும்மா" என்றார்.

எனக்குக் கையில் இங்கிலீஷ் புத்தகம் இருப்பதுபோலவே இருந்தது. எதிரில் சுவரில் நான் கண் திறந்து வாய் மூடிக் கிடந்தேன்.

"வேணாம்னேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அந்த மக்குல படம் எடுத்தது நான் இல்ல. அவருதான். அதுல இருக்கிற பொண்ணு செத்துப்போனவ. அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லல, அது என் தப்பு. அவ ஒடம்புலதான் என் மூஞ்சை ஒட்டிக் குடுத்திருக்காரு. அதோ."

குரல் கிழிந்து நாய் குரைத்ததுபோல் வந்தது. அழகாக எதுவும் இல்லை. அப்பா திரும்பிப் படத்தைப் பார்த்தார். "செத்துப்போனவளா?" என்றார். யாருமே பேசாமல் இருந்திருந்தால் சின்னப் பெண் ஏதோ உளறுகிறாள் என்று முடிந்திருக்கும். தினேஷ்தான் பேசினார்.

"மாமா, அது பழைய படத்துல. அதான் நான் கண்ணைத் தொறந்து வெச்சிட்டேனே."

அப்பா அவர் பக்கம் திரும்பினார். "அப்போ தெரிஞ்சேதான் எங்க ஊட்டுல கொணாந்து மாட்டினியா?" என்றார். தினேஷுக்கு உண்மையிலேயே எங்கே தவறு என்று புரியவில்லை; நான்கு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய அம்மா சரத்தை இலையில் சுற்றி மறுபடி கூடைக்குள் வைத்தார். "ஊமைன்னு நெனச்சோம், ஊரையே வித்துடும் போலகீதே" என்றார். பாஸ்கர் சார் செருப்பு மாட்டும்போது, "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்றார். முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

அப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் பேசவில்லை. எத்தனை நாள் பேசமாட்டார் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் இரண்டு முறை கதவு திறந்து மூடியது. எனக்கு வேலை இல்லை. மாங்காட்டுக்குப் போய் அந்த மூக்குத்திப் பெண்ணைப் பார்க்க வேண்டும். படத்தை எடுத்தது நான் இல்லை, தெரிந்தும் சொல்லாதவள் நான் என்று சொல்ல வேண்டும். முகவரி கடையின் பழைய பில் கட்டுக்குள் இருக்கும். நூர் அக்கா எடுத்துத் தருவாள். உன்னிடம் தைரியமாக இரு என்றெல்லாம் சொல்ல எனக்கு வாயில்லை. இன்றைக்கு எனக்கு வந்தது தைரியமா என்றும் தெரியவில்லை. குமட்டல் அளவு மீறிப்போய் வெளியே வந்ததுபோல்தான் இருந்தது. உனக்கு ஒன்று மட்டும் செய்வேன். நீ ஏதாவது சொல்லி எனக்குக் காதில் விழாவிட்டால், உன்னைச் சத்தமாகச் சொல் என்று சொல்லமாட்டேன். எழுந்து உன் பக்கத்தில் வந்து உட்காருவேன்.

அம்மா இரவல் தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கினாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். அலமாரிமேல் இருந்து காலண்டரை எடுத்து அதே ஆணியில் மாட்டினாள். அது இன்னும் புதன்கிழமையிலேயே நின்றிருந்தது. ஸ்டூலில் இருந்து இறங்கி, என்னைப் பார்க்காமல், "இன்னாடி பாத்துக்கினு இருக்க, வந்து கிழி" என்றாள்.

நான் போய் நான்கு தாள்களைக் கிழித்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா